நூறு சதவீத முதலாளி, இரண்டு வருட விருந்தாளி

துபாயின் தேராவிலோ கராமாவிலோ காலை எட்டு மணிக்கு, அரசு விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டருக்குள் நுழைந்தால், அந்த நாட்டின் நிர்வாகம் எப்படி ஓடுகிறது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். ஒரு கவுண்டரில் விசா, அடுத்ததில் லேபர் கார்டு, அதற்கடுத்து எமிரேட்ஸ் ஐடி. மலையாளத்தில் கேட்கும் கேள்விக்கு இந்தியில் பதில் வரும். இரண்டும் சேர்ந்து அரபியில் அச்சாகி வெளியே வரும். ஐக்கிய அரபு அமீரகத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அவர்களில் பெரும்பாலானோருடைய காகிதங்கள் என்றோ ஒருநாள் இப்படியொரு மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். சம்பளத்துக்குப் போனவருக்குக் கம்பெனியே இந்த அலைச்சலைப் பார்த்துக்கொள்ளும். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர் தானே வரிசையில் நிற்க வேண்டும்.

தமிழருக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இனிஷியலோடு வளர்ந்தவருக்கு பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற கட்டம் பலகாலம் காலியாகவே இருந்தது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று அமீரகம் அறிவித்தபோது, தமிழ்நாட்டுப் பயண ஏஜெண்டுகளின் தொலைபேசிகள் ஓயவில்லை. அப்பா பெயரைச் சர்நேமாக எழுதிக்கொண்டு தப்பியவருக்கு வேறொரு விதி: வங்கியிலிருந்து வரும் பெண் அவரை 'மிஸ்டர் ராமசாமி' என்பார், ராமசாமி ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது, தொழில் யாருடையது என்ற கேள்வி. பல பத்தாண்டுகளாகச் சட்டம் தெளிவாக இருந்தது: நகருக்குள் வியாபாரம் செய்யும் கம்பெனியில் 51 சதவீதம் உள்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும். பணம் போடுவது, கடை நடத்துவது, நஷ்டப்படுவது எல்லாம் வெளிநாட்டவர். வருடத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது அரபாப் எனப்படும் அந்த உள்நாட்டவர். எல்லாக் கூட்டும் இப்படிப் பேருக்கு இருந்ததில்லை. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1970களில் துபாயின் அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்து வளர்த்த ஈ.டி.ஏ. நிறுவனம் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. அதில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களின் பங்கு பெரிது.

1985இல் துபாயின் ஜெபல் அலியில் ஃப்ரீ ஸோன் வந்தது. அதற்குள் முழு உரிமையும் வெளிநாட்டவருக்கே என்றார்கள், ஆனால் வாசலில் ஒரு கோடு போட்டார்கள்: ஸோனுக்குள் பதிவான கம்பெனி நகருக்குள் நேரடியாகக் கடை விரிக்க முடியாது. இன்றும் 'குறைந்த செலவில் லைசென்ஸ்' விளம்பரத்தைப் பார்த்து ஃப்ரீ ஸோனில் பதிவு செய்துவிட்டு, மளிகைச் சாமான் விற்க இது உதவாது என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு நகருக்குள்ளேயும் நூறு சதவீத உரிமை கிடைத்துவிட்டது. எல்லோரும் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தில் ஒன்றை மறந்தார்கள். நல்ல அரபாப் ஒருவகைக் காப்பீடு. நகராட்சி ஆபீசில் காகிதம் சிக்கினால் அவருடைய ஒரு போன் போதும். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் பி.ஆர்.ஓ. துபாயில் இந்தப் பட்டத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் சம்பந்தமில்லை. அரசு அலுவலகங்களுக்கு அலைவதே அவர் வேலை.

காகிதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதம் தனி வேடிக்கை. கடைக்கு லைசென்ஸ் வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் எஜாரி என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். எத்தனை பேருக்கு விசா கிடைக்கும் என்பது அந்த இடம் எத்தனை சதுர அடி என்பதைப் பொறுத்தது. கம்பெனிக்கு வங்கிக் கணக்குத் தொடங்க, முதலாளியின் விசாவும் எமிரேட்ஸ் ஐடியும் கேட்பார்கள். விசாவுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு எஜாரி. எஜாரிக்கு வாடகை, வாடகைக்குச் செக். செக் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு! இந்த வட்டத்தை உடைக்க ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வருட வாடகையை நண்பரின் செக்கில் கொடுத்துவிட்டு அந்த நட்பையே பணயம் வைப்பது அதில் ஒன்று. வங்கிகளும் சும்மா கெடுபிடி செய்யவில்லை. கறுப்புப் பணத் தடுப்பில் குறையிருக்கிறது என்று சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். 2022 மார்ச்சில் அமீரகத்தைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 2024 பிப்ரவரியில்தான் எடுத்தது. அந்தக் காலத்தில் இறுகிய பிடி முழுதாகத் தளரவில்லை. புதிய கம்பெனிக்குக் கணக்குத் திறக்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

செக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துபாய் வியாபாரம் நடப்பதே அதன் மேல்தான். வீட்டு வாடகை மாதாமாதம் கொடுக்கும் பழக்கம் குறைவு. வருட வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நான்கு செக்குகளாக, பின்தேதியிட்டு, குடியேறும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே செக்கில் கொடுப்பவருக்கு வாடகை குறையும். பன்னிரண்டு செக் கேட்பவரை வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். சரக்கு வாங்குவதும் இப்படித்தான். அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் என்றால் அந்தத் தேதியிட்ட பி.டி.சி., அதாவது பின்தேதிச் செக், இப்போதே கையில் வர வேண்டும். ஆக, ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர், அடுத்த ஒரு வருடத்துக்கான தன் வருமானத்தை முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்துப் பேரிடம் கொடுத்திருப்பார்.

அதில் ஒன்று திரும்பினால்? 2022க்கு முன் நேராகப் போலீஸ் வழக்கு. பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்காகவே சிறையில் இருந்தவர்கள் உண்டு. தன் மேல் பயணத் தடை இருப்பதை விமான நிலையக் கவுண்டரில் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, கடனும் செக்கும் துரத்த, கார்களை விமான நிலைய நிறுத்தத்தில் விட்டுவிட்டு வெளிநாட்டவர் கிளம்பிய கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. எண்ணிக்கை ஊதப்பட்டிருக்கலாம், பயம் உண்மையானது. 2022 ஜனவரியில் சட்டம் மாறியது. கணக்கில் பணம் போதவில்லை என்பது மட்டும் இப்போது குற்றமல்ல. இருக்கிற தொகையை வங்கி கொடுத்துவிட வேண்டும். மீதிக்குச் செக் வைத்திருப்பவர் நீண்ட வழக்கு நடத்தாமல் நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கணக்கு முடக்கம், பயணத் தடை எல்லாம் இன்னும் உண்டு. வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலோ, தேதிக்கு முன் கணக்கை மூடிவிட்டாலோ பழையபடி கிரிமினல் வழக்குத்தான். துபாய்ச் சட்டம் கொடுமை என்று ஊரில் அடிக்கடி பேசுகிறோம். நம் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை என்பது இன்றும் அப்படியே இருக்கிறது.

வரியில்லாத நாடு என்ற பேச்சும் பாதிதான் உண்மை. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் 2018இல் 5 சதவீத வாட் வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து கம்பெனி லாபத்துக்கு 9 சதவீத வரி. இரண்டிலும் 3,75,000 திர்ஹம் என்ற ஒரே எண் வருவதால் பலர் குழம்புகிறார்கள். வாட் பதிவுக்கு அது வருட விற்பனை; 9 சதவீத வரிக்கு அது லாபம்.

இவ்வளவையும் தாண்டிக் கடை நிமிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் விசா பொதுவாக இரண்டு வருடம்தான். சாதாரண விசாக்காரர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது செல்லாமல் போகும். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க மதுரைக்கு வந்தவரும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த மகனுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. மணமாகாத மகனை அப்பா தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் வயது 25 வரை நீண்டது. அதன்பின் அவன் தனக்கென ஒரு விசா தேட வேண்டும். 2019இல் வந்த கோல்டன் விசா பத்து வருடம் வரை தரும். சொத்து வழியாக அதைப் பெற 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள வீடு வேண்டும். பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸில் தொடங்கியவருக்கு அது அடுத்த மலை.

ஆனாலும் ஏன் போகிறார்கள் என்பதற்கு ஒரு விடை நாணயத்தில் இருக்கிறது. 1966 வரை அந்தக் கரையில் புழங்கியது ரூபாய்தான். ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு அடித்துக் கொடுத்தது. அந்த வருடம் இந்தியா மதிப்பைக் குறைத்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள். இன்று ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். ரூபாய் சரியும்போதெல்லாம், உழைப்பு கூடாமலே ஊருக்குப் போகும் தொகை கூடுகிறது.

யாரும் பேச விரும்பாத ஒன்றும் இருக்கிறது. கணக்குக்காரர் இறந்தால் வங்கி கணக்கை முடக்கும், கூட்டுக் கணக்குக்கும் பெரும்பாலும் அதே கதி. கம்பெனிக் கணக்கில் அவர் ஒருவர்தான் கையெழுத்து என்றால் ஊழியர் சம்பளமும் நிற்கும். மனைவியின் விசாவும் அவர் பெயரில்தான் இருந்திருக்கும். முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிவு செய்ய துபாயில் 2015இல் தனி ஏற்பாடு வந்தது. உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவரின் சொத்தில் பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக என்ற சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது, கடை திறந்த அன்றே உயிலும் எழுதும் தமிழர்கள்தான் குறைவு. சகுனம் பார்ப்பார்கள்.

மூடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஊழியர் விசாக்கள் கேன்சல், அவர்களுடைய கிராஜுவிட்டி. ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு 30 நாள். பிறகு குடும்பத்தின் விசா, அதன்பின் தன்னுடையது. வாட் பதிவை நீக்கத் தாமதித்தால் மாதத்துக்கு ஆயிரம் திர்ஹம் வீதம் பத்தாயிரம் வரை அபராதம். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் முடிந்தது என்று நினைப்பவரின் பெயரில் லைசென்ஸ் அங்கேயே கிடக்கும், அபராதமும் சேர்ந்துகொண்டே போகும். மறுபடி விசா கேட்டு அதே டைப் அடிக்கும் மேசைக்கு வரும்போதுதான் கணக்கு கைக்கு வரும்.