ஆளில்லாப் படகும் கைவிட்ட படகும்

துறைமுகத்தில் கட்டிய இடத்திலேயே பாதி தாழ்ந்து, அணியம் மட்டும் நீருக்கு மேலே தெரிய நிற்கும் படகைக் கண்டால், ‘இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?’ என்றுதான் எவரும் முதலில் கேட்பர். மண்ணை நம்பி வாழ்ந்து, அந்த மண்ணை விட்டு ஓடிவந்த எமக்கு வேறொரு கேள்வியும் எழுகின்றது. இது யாருடையது, அவர் இப்போது எங்கே?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து நாம் வெளியேறியபோது தறையில் வெங்காயம் நின்றது. இறைப்பு மெசின் கிணற்றடியிலேயே கிடந்தது. மயிலிட்டிக் கரையில் கடற்றொழிலாளர் தம் வள்ளங்களையும் படகுகளையும் அப்படியே விட்டுவிட்டு எம்மோடு நடந்தனர். எவரும் எதையும் ‘கைவிட்டு’ வரவில்லை, விட்டுவிட்டு வந்தோம். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை எம்மைப்போல் அறிந்தவர் குறைவு. கதவு நிலைகளும் ஓடுகளும் கழற்றப்பட்ட வீடுகளைப் பின்னர் போய்ப் பார்த்தவர்கள் அல்லவா நாம். அங்கே விடுவிக்கப்படாத காணிகள் இன்னமும் உள்ளன.

காணி விடயத்தில் சட்டம் இந்த வேறுபாட்டை, பிந்தியேனும், ஒப்புக்கொண்டது. பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது பழைய ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் வழக்கு வைக்க முடியாதிருந்தோர் அதனால் காணியை இழந்துவிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. ஆள் இல்லாமை ஒன்றே உரிமையைத் துறந்தமைக்குச் சான்றாகாது என்பதே அதன் உட்கருத்து. படகு விடயத்திலும் இதே நியாயம் வேண்டும் என்பது எமது கருத்து.

அதற்காக உக்கும் படகுகளை உக்கவே விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. துறைமுகம் பொதுச் சொத்து. அங்கே ஒரு படகு கட்டுமிடத்தை அடைத்துக்கொண்டால், தொழிலுக்குப் போய்வரும் இன்னொரு படகு வெளியே அலையில் நிற்க வேண்டும். தாண்ட படகிலிருந்து டீசலும் இயந்திர எண்ணெயும் கசியும், பற்றரியின் ஈயம் நீரில் சேரும். மரப் படகு காலப்போக்கில் உக்கிப் போகும். பைபர் படகோ உக்காது. வெயிலில் வெடித்து, நுண்ணிய இழையாக உதிர்ந்து மணலிலும் நீரிலும் கலக்கும். அதைக் கரையில் போட்டு எரிப்போரும் உண்டு. அந்தப் புகை நச்சுப் புகை, அயலில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் செய்யவே கூடாத வேலை அது.

கரையோரத்தில் குடியேறியுள்ள எமது குடும்பங்களை நேரடியாகத் தொடும் விடயம் இன்னொன்று. டெங்கு நுளம்பு நன்னீரில் மாத்திரமே பெருகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நம் நாட்டுக் கரையோரங்களில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, அது உவர்நீரிலும் பெருகுவதைக் காட்டியது. குடம்பிகள் கண்டெடுக்கப்பட்ட இடங்களில் கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளும் அடங்கும். சிரட்டையையும் ரயரையும் தேடித் திரியும் நாம், கவிழ்க்காமல் கிடக்கும் படகின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

இனி மயிலிட்டிக்கு வருவோம். 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலையில் அந்தத் துறைமுகம் மக்களிடம் திரும்பியது. திருத்த வேலைகளும் நடந்தன. ஆனால் எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் அங்கே கட்டப்பட்டதால், தம் படகுகளை விட இடமில்லை என்று மயிலிட்டித் தொழிலாளர் முறையிட நேர்ந்தது. இருபத்தேழு வருடம் காத்திருந்து பெற்ற துறையில் மீண்டும் ஓரமாக நிற்பதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இழுவைப் படகுகளுக்காக நாம் பரிந்து பேசவில்லை. அடிமட்டத்தை வழித்தெடுக்கும் அத்தொழில் எமது கடலையும் வலைகளையும் என்ன பாடு படுத்துகின்றது என்பது தெரிந்ததே. 2017இல் எமது நாட்டிலும் அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எமது குறை, பிடித்த பின் நடப்பதைப் பற்றியது. படகோட்டிகள் விடுதலையாகி ஊர் திரும்புவர், படகு நிற்கும். உரிமையாளர் ஆவணங்களுடன் எமது நீதிமன்றத்துக்கு வந்து உரிமை கோர வேண்டும். வராவிட்டால் அது அரசுடைமையாகும். அரசுடைமையான படகும் அதே கயிற்றில், அதே இடத்தில், மாரி மழையிலும் கோடை வெயிலிலும் நிற்கும். 2022 பெப்ரவரியில் 105 படகுகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டன. காரைநகரில் 65, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, காங்கேசன்துறையில் 5, கற்பிட்டியில் 2. அவற்றுட் பல உடைத்துப் பலகையாக்கத்தான் உதவும் நிலையில் இருந்தன. முதல் வருடத்திலேயே விற்றிருந்தால் படகாக விற்றிருக்கலாம். உரிமையாளருக்கும் பயனில்லை, எமது தொழிலாளருக்கும் பயனில்லை, அரசுக்கும் பலகை விலைதான். தாமதம் யாருக்கும் இரக்கம் காட்டியதாகத் தெரியவில்லை.

பிறநாட்டுப் படகின் கதை இதுவென்றால், எமது சொந்தப் படகுகளின் கதை இன்னும் சிக்கலானது. உரிமையாளர் வெளிநாடு போயிருப்பார். கடன்பட்டு, இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் உடலை மட்டும் விட்டிருப்பார். அல்லது காணாமற்போனவராக இருப்பார். படகு அவர் பெயரில் பதிந்திருக்கும், மரணச் சான்றிதழ் இராது. மனைவி அதை விற்கவும் முடியாது, திருத்தவும் வசதியில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையொப்பமிடவும் அவளுக்கு மனம் வராது. இறந்தார் என்று சொல்லாமலே, அவரைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வழிசெய்தது. ஆளில்லாப் படகொன்றை அப்புறப்படுத்த வரும் அலுவலர் அப்படியான வீட்டுக்கு ஒரு தடவை போய் விசாரித்தாரா என்பதை, ஏலக் கடிதம் ஒட்டமுன் நாம் கேட்க வேண்டும்.

விசாரிப்பது பெரிய வேலையுமல்ல. ஒவ்வொரு மீன்பிடிப் படகும் கடற்றொழில் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும், இலக்கம் படகின் உடலில் எழுதப்பட வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உள்ள ஒழுங்கு. நிறம் மங்கினாலும் அந்த இலக்கம் பெரும்பாலும் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். அதை எழுதியெடுத்து, சங்க அறையிலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் இடம்பெயர்ந்தோர் இருக்கும் இடங்களிலும் ஒட்டட்டும். எண்ணெயையும் பற்றரியையும் அன்றே இறக்கட்டும், அதற்கு எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் தவணை கொடுக்கட்டும். வராவிட்டால் விற்கட்டும். செலவு போக எஞ்சும் பணத்தைத் திறைசேரிக்கு அனுப்பாமல் உரியவர் பெயரில் சில வருடம் வைத்திருக்கட்டும். பிந்தி வருபவருக்குப் படகு கிடைக்காவிட்டாலும் அதன் பெறுமதியேனும் கிடைக்கும்.

உரிமையாளர் இருந்தும் உடைக்கப் பணமில்லாத நிலையே பல இடங்களில் படகு கைவிடப்படுவதற்குக் காரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2002இல் இதற்கெனத் தனித் திட்டம் தொடங்கினர். படகுப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, அந்த நிதியில் கைவிட்ட படகுகளை அகற்றுகின்றனர். 2014 முதல், வசதியற்றவர் தம் பழைய படகைத் தாமாகவே கையளிக்கவும் வழியுண்டு. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். இங்கும் வருடாந்தம் தொழில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படுகின்றது, அதோடு சில ரூபா சேர்ப்பது இயலாத காரியமன்று.

சிலர், எல்லாவற்றையும் கடலில் தாட்டுவிட்டால் மீன் வளருமே என்பர். 2021 ஜூனில் வடகடலில் பழைய பஸ்கள் இறக்கப்பட்டதைப் பார்த்து வந்த யோசனை இது. எண்ணெயும் இயந்திரமும் அகற்றிச் சுத்தம் செய்த கனமான இரும்பு ஒரு கதை, உதிரும் பைபர் வேறு கதை. அது அடுத்த வாடைக்காற்றில் யாருடைய வலையில் ஏறுமென்று எவர் சொல்வார்?

எமது வாசகர்களிற் பலருக்குப் படகு இல்லை. ஆனால் தகப்பனோ மாமனோ பங்கு போட்ட வள்ளமொன்று ஏதோ ஒரு துறையில் கிடக்கக்கூடும். பெட்டியில் பழைய பதிவுக் கடதாசி இருந்தால் அதை எடுத்து இலக்கத்தைப் பாருங்கள், ஒரு பிரதி எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். ஐப்பசி மழை படகுகளுக்குள் தேங்கமுன் அந்தப் பட்டியல் சங்கச் சுவரில் ஏறிவிட வேண்டும்.