மூலம் என்று எண்ணி மறைக்கும் புண்

இவ்வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் குடும்பப் பகுதியில் அச்சேறத் தகுமா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பல்வலி கண்டால் ஊருக்கெல்லாம் சொல்கிறோம். வயிற்றுவலி என்றால் அடுத்த வீட்டில் கஷாயத்துக்கு ஓமம் கேட்கிறோம். மலவாயில் நோவு என்றால் மாத்திரம் கணவன் மனைவியிடமும் மகள் தாயிடமும் வாய்திறப்பதில்லை. சில வாரங்களில் ஆறிப்போகவேண்டிய சிறு கீறலொன்று ஆண்டுக்கணக்கான துன்பமாக முற்றுவதற்கு இந்த மௌனமே பெரும்பாலும் காரணம். எனவே வெட்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துப் பேசுவோம்.

நம்மவர் அவ்விடத்தில் தோன்றும் எந்த உபாதையையும் ‘மூலம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். மூலமாவது மலவாயின் உட்புறத்தோ விளிம்பிலோ உள்ள இரத்தக்குழாய்த் திரள்கள் வீங்கித் தொங்குவது. நான் இங்கே சொல்லவந்தது வேறு. மலவாயின் மெல்லிய தோல் நீளவாக்கில் கிழிந்து புண்ணாவது. குத வெடிப்பு என்பது அதன் பெயர். பழைய ஆயுர்வேத நூலார் இவ்வகை நோவைப் ‘பரிகர்த்திகை’ என்றனர். சுற்றிலும் அறுப்பது போன்ற வலி என்பது அதன் பொருள். கடும்பேதி கொடுத்தால் இது நேரக்கூடும் என்றும் எச்சரித்தனர். மலம் இறுகினால் உடனே பேதி மருந்தைத் தேடுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

வெடிப்பின் முதல் அடையாளம் வலியே. மலம் கழியும் கணத்தில் சவர அலகாற் கீறியது போல் இருக்கும். எழுந்து வந்த பின்னரும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிவும் கடுப்புமாகச் சில நிமிடம், சிலருக்குப் பல மணி நேரம் நின்று, பின்பு ஓயும். அடுத்த முறை வெளிக்குப் போகும்போது மீண்டும் தொடங்கும். இரத்தம் பெரும்பாலும் சிறிதளவே. மலத்தின் மேற்புறத்தில் ஒரு கோடாகவோ கழுவும் நீரில் சில துளிகளாகவோ பளிச்சென்ற சிவப்பில் தோன்றும். உள்மூலத்தில் நிலைமை பெரும்பாலும் மறுதலை: இரத்தம் சொட்டும், வலி இராது. திடீரென விளிம்பில் நோவுள்ள கட்டி எழுந்தால் அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்ததாயிருக்கலாம். இரவு பகல் ஓயாமல் விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் கண்டால், அது சீழ்க்கட்டி, ஒருநாளும் தாமதிக்கலாகாது.

இவ்வளவு சிறிய கீறல் ஏன் எளிதில் ஆறுவதில்லை? மலவாயைச் சுற்றி இரு சுருக்குத் தசைகள் உள்ளன. வெளித்தசை நம் சொற்கேட்கும், உட்தசை கேளாது. புண்ணின் நோவால் உட்தசை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இறுகவே அவ்விடத்துக்கு இரத்தவோட்டம் குறைகிறது. குறையவே புண் ஆறுவதில்லை. இதனிடையே நோயாளி வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குகிறார். அடங்கிய மலம் மேலும் உலர்ந்து, மறுமுறை அதே இடத்தைக் கிழிக்கிறது. பெரும்பாலான வெடிப்புகள் பின்பக்க நடுக்கோட்டிலேயே வருவன. மகப்பேற்றின் பின் பெண்களுக்கு முன்பக்கத்திலும் வருவதுண்டு. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வெடிப்பு நாட்பட்டதாகிறது. அப்போது அதன் ஓரத்தில் சிறு தோற்குமிழ் ஒன்று வளரும். கைக்குத் தட்டுப்படும் அதனைத்தான் பலர் மூலமுளை என்று எண்ணி மயங்குகின்றனர்.

எங்கள் குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் இந்நோய்க்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் நாமே செய்துவைத்திருக்கிறோம் என்று சில வேளை தோன்றும். மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே சுடுமணல். வெங்காயப் பாத்தியில் நிற்பவரும் படகேறிச் செல்பவரும் வியர்வையாகச் சிந்தும் நீரில் பாதியைக்கூடத் திரும்பக் குடிப்பதில்லை. கிணற்றுநீர் உவர்க்கும் இடங்களில் தண்ணீருக்குப் பதில் தேநீரே தாகந் தீர்க்கிறது. காலையில் பாணும் சம்பலும், இரவில் மாவு ரொட்டியும் என்றான பின் குரக்கனும் கீரையும் விருந்தாளிகளாகிவிட்டன. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் நீரின்றி இருப்போர், நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை சிறிது சிறிதாக நீரருந்திக் குறையை நிரப்பிக்கொள்ளுதல் அவசியம்.

என்னுடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒரு தவணை முழுவதும் நாற்காலியில் அமராமலே பாடம் நடத்தினார். மாணவர் அதனைச் சுறுசுறுப்பென்று மெச்சினர். அவரோ சுவரொட்டியிற் கண்ட ஒரு ‘மூல நிபுண’ரிடம் சென்று, ஏதோ காரமருந்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெடிப்போடு வெந்த புண்ணும் சேர்ந்துகொண்டது. பின்னர் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்தபோது, முதல் வாரத்திலேயே வந்திருந்தால் களிம்பும் வெந்நீரும் போதுமாயிருந்திருக்கும் என்றாராம். பரம்பரைப் பரியாரிகளை நான் குறைகூறவில்லை. பார்க்காமலே மூலம் என்று தீர்ப்புச் சொல்லி, எரிக்கும் மருந்து வைப்போரையே சொல்கிறேன்.

தாய்மார் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குழந்தையின் மலத்தில் செந்நிற இரத்தம் தோன்றுவதற்கு இவ்வெடிப்பு முக்கிய காரணங்களுள் ஒன்று. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை மலம் வரும் வேளையில் கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகஞ்சிவக்க அழுமானால் அது பிடிவாதமன்று. முன்பு பட்ட வலியின் அச்சம். அடித்து உட்காரவைப்பதால் அடக்கும் பழக்கமே வலுக்கும். மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் பெற்றுச் சில வாரமேனும் விடாது கொடுக்கவேண்டும்.

புதிதாக வந்த வெடிப்புக்கு வீட்டிற் செய்யக்கூடியது நிறைய உண்டு. அகன்ற பேசினில் பொறுக்கத்தக்க சூட்டில் வெந்நீர் விட்டு, அதில் பத்துப் பதினைந்து நிமிடம் அமரவேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று முறை, குறிப்பாக வெளிக்குப் போய்வந்தவுடன் இதனைச் செய்தல் நன்று. கிருமிநாசினி எதுவும் கலக்கவேண்டியதில்லை, அது எரிவையே கூட்டும். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ப்பொருள் உடலிற் சேரவேண்டும். தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, முருங்கைக்கீரை, கொய்யா, பப்பாசி இவற்றாலேயே பெரும்பகுதி கிட்டும். ஒரேநாளிற் கூட்டினால் வயிறு ஊதும், படிப்படியாகக் கூட்டுக. இசப்பகோல் உட்கொள்வோர் ஒரு குவளை நிறைய நீரும் அருந்தவேண்டும். உந்தல் வந்தவுடன் எழுந்து போகவேண்டும். போன இடத்தில் கைத்தொலைபேசியோடு அரைமணி நேரம் அமர்ந்திருத்தல் ஆகாது. இவை பாட்டி வைத்தியமென்று இகழத்தக்கவை அல்ல. 1986ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், முதன்முறையாக வெடிப்புக் கண்டவர்களுள் வெந்நீரும் தவிடும் கைக்கொண்டோர், மரப்புக் களிம்பு மட்டும் பூசியோரினும் நன்றாகக் குணமடைந்தனர்.

இவ்வாறு ஓரிரு வாரம் செய்தும் வலி குறையாவிடில் வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்தம் சொட்டுச் சொட்டாகவன்றி மிகுதியாகவோ கட்டியாகவோ போனாலும், மலம் தார்போற் கறுத்தாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அந்த ஓரிரு வாரமும் காத்திருத்தல் தவறு. உடல் மெலிதல், காரணமின்றி மலப்போக்கு மாறுதல், சோகை, குடும்பத்தில் ஒருவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ‘மூலந்தான்’ என்று வாளாவிருத்தல் ஆபத்து. நாற்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக இரத்தம் போனாலும் அவ்வாறே. இலங்கையில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. அதுவும் முதலில் சிறிது இரத்தமாகவே வெளிப்படக்கூடும். நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால், காசநோய், குடலழற்சி போன்ற வேறு காரணங்களை வைத்தியர் தேடுவார்.

அங்கே என்ன செய்வார்களோ என்ற பயமே பலரைத் தடுக்கிறது. பெரும்பாலும் ஒருக்களித்துப் படுக்கச்சொல்லி, மெல்ல விலக்கிப் பார்த்த மாத்திரத்தில் வெடிப்பு தெரிந்துவிடும். வலி கடுமையானால் விரலிட்டுப் பார்ப்பதைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பர். பெண்கள் பெண் வைத்தியரையோ தாதியொருவரின் துணையையோ கேட்கலாம். நாட்பட்டதற்கு உட்தசையைத் தளர்த்தும் களிம்புகள் உண்டு. நெஞ்சுவலிக்காரர் நாவின்கீழ் வைக்கும் கிளிசரைல் டிரைநைட்ரேற்றே அவற்றுள் ஒன்று, தலைவலி தரக்கூடும். டில்டியாசெம் களிம்பில் அது குறைவு. 1838இல் பிரான்சில் ரெக்காமியே மலவாயை விரித்துவிடும் முறையைக் கையாண்டார். 1951இல் தென்னாபிரிக்காவின் ஐசன்ஹாமர் உட்தசையை வெட்டித் தளர்த்தும் முறையை விளக்கினார். பக்கவாட்டிற் செய்யப்படும் அதன் திருந்திய வடிவமே இன்றும் களிம்புக்கு அடங்காதவற்றுக்குச் செய்யப்படுகிறது. வாயு அடங்காமை போன்ற தொல்லை சிலருக்கு எஞ்சக்கூடுமாதலால் அதனைக் கடைசியிலேயே நாடுவர்.

கற்பிட்டியிலோ புத்தளத்திலோ வெளிநோயாளர் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர் காதில் விழுமே என்று கூசுபவர், வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிச்சென்று வைத்தியர் கையிற் கொடுக்கலாம்: எத்தனை நாளாக, வலி எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது, இரத்தத்தின் நிறம் யாது, மலம் இறுகலா இளகலா, இதுவரை பூசியதும் உட்கொண்டதும் எவை.