புல்லும் மீனும் பெற்ற பெயர்கள்

ஒரு பொருளை அறிதற்கு முதற்படி அதன் பெயரை அறிதலாகும். ஆதியாகமத்தின் தொடக்கத்திலேயே மனிதன் உயிர்களுக்குப் பெயரிடும் பணியை ஏற்கின்றான் என்பதை நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். பெயரிடுவோன் முதலில் கூர்ந்து நோக்குகின்றான். நோக்கியதை ஒரு சொல்லில் அடக்குகின்றான். பின்வருவோர் அச்சொல்லை வாங்குங்கால் அவன் கண்டதையும் உடன் வாங்கிக்கொள்கின்றனர். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் சிற்றூர்களில் பூண்டுக்கும் மீனுக்கும் பறவைக்கும் வழங்கிவரும் பெயர்கள் பல இத்தகையன. அவற்றைத் தொகுத்து எழுதிவைத்தல் தமிழ் பயிலும் நம்மனோர் கடமை என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

முதற்கண் ஒரு பூண்டினை எடுத்துக்கொள்வோம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசற் கொல்லைகளில் தரையோடு படர்ந்து கிடப்பது ஆடுதின்னாப்பாளை. கண்ட தழையையெல்லாம் கறிக்கும் ஆடு இதனைத் தீண்டாது விலகும் என்பதை அப்பெயரே உரைக்கின்றது. இப்பூண்டில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், புற்றுநோயை விளைக்கும் என்றும் இன்றைய மருத்துவ ஆராய்ச்சி கண்டுள்ளது. ஆடு மேய்த்தவன் அமிலத்தை அறியான், ஆட்டை அறிவான். அவன் அறிந்ததை மறவாமைப்பொருட்டுப் பெயராக்கி வைத்தான். இங்ஙனமே கீழாநெல்லி என்பது இலையின் கீழே வரிசையாய்க் காய் தாங்கும் இயல்பினைக் காட்டும். நத்தைகுத்தி நாரை என்பது அப்பறவையின் இரையினையும் அதனைக் கொள்ளும் முறையினையும் ஒருங்கே காட்டும். இவை வெறும் அடையாளக் குறிகள் அல்ல; சுருங்கிய உருவிலுள்ள இயற்கை நூல்கள் எனலாம்.

இனி மீன் ஒன்றனைக் காண்போம். குளங்களிலும் வயல்நீரிலும் வாழும் பனையேறிக் கெண்டை தமிழ்நாட்டார் நன்கறிந்த மீன். இது காற்றை நேரே உட்கொள்ள வல்லது. நீர் வற்றிய காலத்துச் செவுள்மூடியிலுள்ள முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து வேறு நீர்நிலையை நாடுவது. கடற்கரையிலுள்ள தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் டேனியப் படை அதிகாரி, 1791ஆம் ஆண்டு இம்மீன் ஒன்று பனைமரத்தில் ஏறுதலைக் கண்டதாக எழுதினார். அவர் கட்டுரை 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அது மெய்யாகவே மரமேறுமோ என்பதில் பின்வந்தோர் ஐயமுற்றனர். ஆயினும் விலங்கியலார் இம்மீனினத்துக்கு வழங்கும் அனாபஸ் என்னும் பெயர்க்கும் கிரேக்க மொழியில் ஏறுதல் என்பதே பொருள். மேனாட்டு அறிஞர் அவையில் பெருவியப்பாய்ப் பேசப்பட்ட செய்தி நம் நாட்டு மீனவர் நாவில் ஒரு பெயராய் எளிதில் வழங்கியது காண்க.

இத்தகைய சொற்களை நம் அகராதிகள் எங்ஙனம் போற்றியுள்ளன? வின்சுலோ ஐயரின் பேரகராதி 1862இல் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. அதன் பேருழைப்பினை யாம் போற்றுகின்றோம். எனினும் அதனுள் ‘ஓர் மீன்’, ‘ஓர் பூடு’ என்ற அளவில் நின்றுவிடும் பொருளுரைகள் பல. எம்மீன், எந்நீரில் வாழ்வது, அப்பெயர் ஏன் வந்தது என்னும் வினாக்கள் விடையின்றி நிற்கின்றன. அதே 1862இல் பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவில் ஜார்ஜ் பிராட் என்னும் லண்டன் மிஷன் போதகர் சமோவா மொழியகராதியை அச்சிட்டார். பின்னர் அக்கடலின் பலாவுத் தீவுகளில் ராபர்ட் ஜோஹான்னஸ் என்னும் உயிரியலறிஞர் மீனவருடன் பழகி, எந்த மீன் எந்தத் திங்களில், எந்தப் பிறையில் முட்டையிடும் என்பதை அவர்பாற் கேட்டறிந்து 1981இல் நூலாக்கினார். மீனவர் பல தலைமுறையாய்க் கண்டறிந்த உண்மைகள் பல அறிவியல் ஏடுகளில் அதுகாறும் ஏறாதிருந்தன. சிறு தீவினர் சொல்லுக்குக் கிடைத்த அப்பேறு நம் ஏரிக்கரையார் சொல்லுக்குக் கிட்டலாகாதோ?

நாட்டுப்புறத்தார் சொற்கள் கொச்சையாதலின் செந்தமிழ் மாணவர் அவற்றை நாடுதல் தகாது எனச் சிலர் கூறக்கூடும். தொல்காப்பியனாரே திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொல்லுள் ஒன்றாய் வைத்தார் என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம். அன்றியும் மரபியலில், புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனப் பகுத்து, இரண்டன் உறுப்புக்களுக்கும் வழங்கும் பெயர்களை அவர் வகுத்துரைத்தார். அவ்வரையறையை மக்கள் வழக்கினின்றன்றி அவர் வேறெங்கிருந்து பெற்றிருத்தல் கூடும்? குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் நாம் தேர்வுக்காக மனனம் செய்கின்றோம். அவற்றுட் சில இன்ன செடியின் பூ என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமையில்லை. அக்காலத்தே பெயரோடு பொருளையும் குறித்து வைத்தாரிலர். அதனால் வந்த இடர் இது. இன்று வாழும் சொற்களுக்கும் அவ்விடர் நேராவண்ணம் காத்தல் நம் கையிலுள்ளது.

இலத்தீன் பெயர் இருக்க ஊர்ப்பெயர் எதற்கு என வினவுவாரும் உளர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் நிறுவப்பெற்ற ராப்பினாட் உலர்தாவரக் கூடத்திலிருந்து மேத்யூ அடிகளார் தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அரிய நூற்றொகுதிகளை வெளியிட்டார். அத்தகைய உழைப்பின்றி நம் தொகுப்பும் நில்லாது. ஏனெனில் ஒரே செடிக்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயருண்டு. ஒரே பெயர் இருவேறு செடிகளுக்கும் வழங்கும். எச்செடி என்பதை இலத்தீன் பெயர் ஐயமற உணர்த்தும்; அச்செடியோடு மக்கள் வாழ்ந்த வாழ்வை ஊர்ப்பெயர் உணர்த்தும். ஒன்று மற்றொன்றற்கு மாற்றாகாது. இரண்டும் அருகருகே நிற்றல் வேண்டும்.

இப்பணியைக் காலந்தாழ்த்துதல் ஆகாது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 சனவரியில் உலக ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு வரும் பறவைகட்குச் சட்டக் காவல் வாய்த்தது. அவற்றை அக்கரையார் அழைக்கும் பெயர்கட்கு அத்தகைய காவல் யாதும் இல்லை. சீமைக்கருவேலம் ஏரியுள்ளே புகுந்து மண்டின், அங்கே வளர்ந்த கோரையும் கொட்டியும் ஒடுங்கும். செடியைக் காணாத சிறுவன் அதன் பெயரைக் கேளான். வேலைதேடி நகரம் செல்லும் இளைஞர்க்கு மீன் என்பது கடையில் விற்கும் நான்கைந்து பெயரளவில் நின்றுவிடும். எனினும் பெயரிடும் ஆற்றல் நம் மக்களிடத்து மாளவில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீனை அவர்கள் ஜிலேபிக் கெண்டையாக்கினர். அயல்நாட்டுச் சீமைக்கருவேலத்துக்கு வேலிகாத்தான் எனவும் பெயரிட்டனர். புதியதற்குப் பெயர் பிறக்கின்றது. பழையதன் பெயரோ, அதனை அறிந்த முதியோருடன் மறைகின்றது.

ஆகலின் யாம் வேண்டுவது இதுவே. கோடை விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு செல்க. ஆடு மேய்ப்போர், களை பறிக்கும் மகளிர், ஏரியில் வலை வீசுவோர் ஆகியோரை ஆசிரியராய்க் கொண்டு அவர் முன் அமர்க. சொல்லை அவர் ஒலித்தவாறே எழுதுக. இலக்கணம் நோக்கித் திருத்தற்க. பொருளைக் கண்ணாற் கண்டு கைப்பேசியிற் படம் பிடிக்க. ஊரும் நாளும் குறிக்க. பெயர் வந்த காரணத்தை அவர் கூறியபடியே வரைக. அவர்க்குத் தெரியாதாயின் நாமே புனைந்து நிரப்பற்க. உரைத்தவர் இசைவு தருவராயின் அவர் பெயரையும் குறித்தல் நன்றி மறவாமையாகும். செடியின் இலத்தீன் பெயரைத் தாவரவியல் மாணவர் காண்பர், மீனையும் பறவையையும் விலங்கியல் மாணவர் தேர்வர், சொல்லாராய்ச்சி நம்முடையது. மூன்று துறையினரும் கூடினால், ஈராண்டில் நம் கல்லூரி ஒரு சிறு சொற்கோவையேனும் வெளியிடுதல் அரிதன்று.

பட்டம் பெற்று வெளியேறிய பழைய மாணவர்களும் தத்தம் ஊர்ச்சொற்களை எழுதி விடுப்பாராக. பத்துச் சொற்கள் அனுப்பினும் போதும். ‘ஓர் மீன்’ என்று நின்றுபோன பொருளுரைக்குப் பின் இன்னும் நான்கு வரி எழுத வல்லார் இன்று நம் ஊர்களில் இருக்கின்றனர். அவரை நாடிச் சென்று கேட்போமாக.