மரத்திலிருந்து வந்தால் மட்டும் பசுமை ஆகிவிடாது



ஒரு வாரமாக நம் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. மரக்கூழிலிருந்து 'நானோ செல்லுலோஸ்' எடுக்கிறார்களாம். பிளாஸ்டிக்குக்கு மாற்றாம். சுற்றுச்சூழலுக்குத் துளியும் கேடில்லையாம். "சார், இது உண்மையா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பொருள் உண்மைதான். 'துளியும் கேடில்லை' என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பாடம். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. மர இழைக்குள் இந்தச் சங்கிலிகள் சில இடங்களில் காலை வழிபாட்டு வரிசை போல ஒழுங்காக நிற்கும். சில இடங்களில் கடைசி மணி அடித்த வகுப்பு போலக் கலைந்து கிடக்கும். அமிலம் கலைந்த இடத்தில் எளிதாகப் புகுந்து சங்கிலியை அறுக்கும். ஒழுங்கான பகுதி மிக நுண்ணிய படிகமாக மிஞ்சும். அகலம் சுமார் 5 முதல் 10 நானோமீட்டர், நீளம் 100 முதல் 200 நானோமீட்டர். இதுதான் அமில நீராற்பகுப்பு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சுவீடனில் இதைக் கந்தக அமிலத்தால் செய்து காட்டிவிட்டார்கள்.

இப்போது கணக்கு. ஆய்வகத்தில் வழக்கமாக 64 சதவீதக் கந்தக அமிலம், 45 டிகிரி சூடு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1 கிலோ கூழுக்குச் சுமார் 10 லிட்டர் அமிலக் கரைசல் என்று வையுங்கள். அதில் தூய அமிலம் மட்டும் 10 கிலோவை நெருங்கும். வினையை நிறுத்தப் பத்து மடங்கு தண்ணீர், அதாவது 100 லிட்டர். கையில் கிடைக்கும் படிகமோ பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவு. மிச்ச அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கினால் 98 பங்கு அமிலத்துக்கு 172 பங்கு ஜிப்சம். அரைக் கிலோ நல்ல பொருளுக்கு 17 கிலோ கழிவு! காணொளியில் இந்தக் குவியலைக் காட்டினார்களா?

ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்த வினையில் அமிலம் ஒரு வினையூக்கி. படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு பகுதி போக, மற்றதெல்லாம் தீராமல் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் நீர்த்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே அதை வீசுவது வேதியியல் விதித்த விதி அல்ல, மனிதர் எடுக்கும் முடிவு. மீட்கலாம். நீரை ஆவியாக்கிச் செறிவூட்ட எரிபொருள் செலவாகும். அதனால்தான் பலருக்கும் தயக்கம்.

வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் அரசு வன ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2016-இல் ஆக்சாலிக், மலியிக் போன்ற அமிலங்களால் இதைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அவை குளிர்ந்தால் கரைசலிலிருந்து படிகமாகப் பிரிந்துவிடும். வடித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். படிக நானோ செல்லுலோஸ் குறைவாகக் கிடைக்கும். ஆனால் மிஞ்சும் இழையும் வீணாகாது, அதை நானோ இழையாக்கலாம்.

"எடுத்ததுமே குறை சொன்னால் புதிய தொழில் எப்படி வளரும்?" என்று பொறியாளராக இருக்கும் என் மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கனடாவின் கியூபெக்கில் 2012-லேயே நாளுக்கு 1 டன் தயாரிக்கும் ஆலை வந்துவிட்டது. தொழில் குழந்தைப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. திருத்த வேண்டிய நேரம் இதுதான். ஆலையைக் கட்டி முடித்தபின் அமில மீட்புக்கு இடம் தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டுச் சாக்கடைக்கு வழி தேடுவது போல.

எனவே யார் 'பசுமை' என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அமிலத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது? கழுவிய தண்ணீரும் அதில் கரைந்த சர்க்கரையும் எங்கே போகின்றன? வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்கிறதா? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன்.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய படிகம் கண்டுபிடிப்பவருக்குப் பெயர் கிடைக்கும். அமிலத்தை மீட்பவருக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் இரண்டாவது வேலையைச் செய்யச் சிலராவது முன்வாருங்கள். ஊர் ஆறு நன்றி சொல்லும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள், சிவப்பு மை இன்னும் தீரவில்லை!