கணவாய்க் காற்றுக்கு இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டின் மின்துறைப் பொறுப்பில் இருக்கும் அமைச்சர் அவர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும்:

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என மலை வழிவிடும் இடங்களில் புகுந்து நம் பக்கம் பாய்கிறது. பரந்த வெளியில் வந்த காற்று குறுகிய கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடுகிறது. இதை நம்பித்தான் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் நம் மாநிலத்தில் நிற்கின்றன. ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள் கிடைத்துவிடும். ஐப்பசி பிறந்தால் கணவாய்கள் அடங்கிவிடும்.

அப்படிப்பட்ட சீசனில், நல்ல காற்று வீசும் நேரத்தில், இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் பக்கம் ஒரு கோபுரத்தின் அடியில் கட்டுப்பாட்டுத் திரையைப் பார்த்தேன். காற்றின் வேகம் நொடிக்கு 13 மீட்டர்; உற்பத்தி பூஜ்ஜியம். இறக்கைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே வந்தால் காலூன்றி நிற்க முடியவில்லை; பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. அந்த நேரத்தில் எங்கோ ஒரு அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தது என்பதுதான் மனதை அறுத்தது.

உங்கள் தரப்பு நியாயமும் தெரியும். நள்ளிரவில் தேவை குறைகிறது. நடுப்பகலில் சூரிய மின்சாரம் குவிகிறது. காற்றோ நிலையில்லாதது. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். வேகத்தைக் கணிப்பதில் 10 விழுக்காடு பிசகினால், இயந்திரம் முழுத்திறனை எட்டாத வேகங்களில், மின்சாரக் கணக்கு சுமார் 30 விழுக்காடு பிசகும். சுமை பகிர்வு மையத்தில் உட்கார்ந்து மின் கட்டமைப்பைக் காப்பவர்களின் பதற்றம் பொய்யல்ல.

ஆனால் அந்தப் பதற்றத்துக்கு மருந்து காற்றாலையை நிறுத்துவதா? பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் முன்கணிப்பு தருகிறது. வானிலை ஆய்வு மையம் பருவக்காற்றின் நகர்வைச் சொல்கிறது. காற்று வரப்போவது தெரிந்தும் அதை வாங்கி வைக்க நம்மிடம் பாத்திரம் இல்லை. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்கும் கடம்பாறை நிலையம் 1980களின் கடைசியில் வந்தது. அதன் திறன் 400 மெகாவாட். குந்தா நீரேற்றுத் திட்டத்தின் 500 மெகாவாட்டையும் சேர்த்தால்கூட 900தான். பத்தாயிரத்தின் எதிரே இது எம்மாத்திரம்! நீரேற்று நிலையங்களை விரைந்து கட்டுங்கள். அதுவரை காத்திருக்காமல், கணவாயை ஒட்டிய துணைமின் நிலையங்களில் மின்கலத் தொகுப்புகளை வையுங்கள். நள்ளிரவுக் காற்றை மறுநாள் மாலை விளக்கேற்றும் நேரத்துக்குக் கொண்டுபோக அவை போதும்.

கோடையைப் பற்றியும் ஒரு சொல். சித்திரையில் தேவை உச்சிக்குப் போகும்போது கணவாயில் காற்று மந்தம். போதாததற்கு, வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும்: 15 டிகிரியில் கன மீட்டருக்கு 1.225 கிலோ இருப்பது 35 டிகிரியில் சுமார் 1.15 கிலோதான். அதே வேகத்தில் வீசினாலும் விசை குறைவு. ஆகவே கோடைக்குக் காற்றை நம்பச் சொல்லவில்லை. காற்று தருகிற மாதங்களில் அதைத் தள்ளிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பழைய இயந்திரங்களை மாற்ற 2024இல் கொள்கை வெளியிட்டீர்கள். நல்லது. முப்பது, ஐம்பது மீட்டர் உயரத்தில் சுழலும் 250 கிலோவாட் இயந்திரங்கள் நல்ல காற்றுள்ள நிலத்தை அடைத்து நிற்கின்றன. நூறு மீட்டருக்கு மேலே காற்று வலுவாகவும் சீராகவும் வரும். ஆனால் மின் கட்டமைப்பு வலுப்படாமல் கோபுரத்தை மட்டும் உயர்த்தினால், நிறுத்தச் சொல்லும் உத்தரவுகள்தான் பெருகும்.

அடுத்த சீசன் தொடங்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். எந்தத் துணைமின் நிலையத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன காரணத்தால் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னீர்கள், அப்போது வீசிய காற்றுக்கு எத்தனை யூனிட் கிடைத்திருக்கும் என்பதை நாள்தோறும் தமிழில் வெளியிடுங்கள். மின்கலம் எங்கே வேண்டும், கம்பி எங்கே போதவில்லை என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.