தொட்டிக்குள் ஒரு ஏரி
அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில், செடிகள் அடர்ந்த சிறு மீன்தொட்டியைக் கண்டு மனம் நிறைந்தது. அவசரமில்லாத கைகளின் வேலை. செடி நட்டு, துளி மீன்தீனி தூவி, நான்கைந்து வாரம் மீனில்லாமல் காத்திருக்க வேண்டும். கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருக அவ்வளவு நாளாகும். அந்த நைட்ரேட்தான் செடிக்கு எரு. அழகு பார்ப்பதில் எனக்குச் சந்தோஷமே. சலித்ததும் சிலர் எல்லாவற்றையும் ஏரியில் கொட்டுவதுதான் நெஞ்சை அறுக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்கென வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடிவிட்டது. பாசி தின்ன வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீன் தமிழக ஏரிகளில் பெருகிக்கிடக்கிறது. வேலம்பாசி, வாலிஸ்நேரியா போன்ற நம் நீர்ச்செடிகளையே நடுங்கள். கழித்த செடியைக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்; வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.