பனிக்கு அடியில் பாருங்கள்

அண்டார்டிக் கடற்பனி பற்றிச் செய்தி வந்தால் அதில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும்... பரப்பளவு. 2023 பிப்ரவரியில் அது 18 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைவு. கூடவே ஒரு பென்குயின் படம். அவ்வளவுதான், செய்தி முடிந்தது! ஆனால் பனியின் அசல் வேலை நடப்பது மேலே அல்ல, அடியில்.

கடல்நீர் ஜீரோ டிகிரியில் உறையாது. உப்பு கரைந்திருப்பதால் மைனஸ் 1.8 வரை குளிர வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பனிப்படிகத்தில் அதற்கு இடமில்லை. கொஞ்சம் இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும், மிச்சம் கீழே உள்ள நீருக்குள் வடிந்துவிடும். உப்பு ஏறிய நீர் கனம், மூழ்கும். அதனால் குளிர்காலம் முழுக்க மேலடுக்கு கலங்கிக் கலங்கி, பல இடங்களில் நூறு மீட்டர் ஆழத்தையும் தாண்டிவிடுகிறது. கோடையில் எல்லாம் தலைகீழ். உருகிய நன்னீர் லேசானது, மேலேயே மூடிபோல் நிற்கும். மூடியின் கீழே சிக்கிய நுண்பாசிகளுக்கு வெளிச்சமும் கிடைக்கும், உணவும் கிடைக்கும். அவை செழித்தால் கிரில், கிரில் இருந்தால் திமிங்கிலம்.

இதில் இன்னொரு சூட்சுமம். உறையும் இடமும் உருகும் இடமும் ஒன்றல்ல. கரையோரம் உறைந்த பனியைக் காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. உப்பு கரையோரம் தங்குகிறது, நன்னீர் தூரத்தில் இறங்குகிறது. பரப்பளவு என்ற ஒற்றை எண் இதையெல்லாம் சொல்லுமா?

வெடெல் கடலில் மேலே இருப்பது குளிர்ந்த நீர், அதற்குக் கீழே இருப்பது சற்று வெதுவெதுப்பான, உப்பு அதிகமான நீர். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மேலடுக்கின் உப்புக் குறைவுதான். அந்த வித்தியாசம் குறைந்தால் அடிநீரின் வெப்பம் மேலே வந்து பனியைத் தின்றுவிடும். 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்களில் அங்கே பனிக்கு நடுவே ஏறக்குறைய இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குத் திறந்த கடல் கிடந்தது. நடுக்குளிரில்! 2016, 2017-ல் மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டின் மேல் சிறிய அளவில் மறுபடியும் திறந்தது.

எனவே பனி குறைந்ததற்குக் காற்றின் சூட்டை மட்டும் கைகாட்டுவது அரைகுறைக் கணக்கு. 2015-க்குப் பிறகு தென்கடலின் மேற்பரப்பில் உப்பு கூடியிருப்பதைச் செயற்கைக்கோள்கள் காட்டியிருக்கின்றன. பனி குறைந்ததும் அதே காலத்தில்தான். ஆனால் பனி மூடிய இடத்தில் அடியில் உள்ள உப்பைச் செயற்கைக்கோளால் பார்க்க முடியாது. அங்கே அளப்பது தானியங்கி மிதவைகளும், தலையில் கருவி ஒட்டப்பட்ட யானை சீல்களும்தான். பனிக்கடியில் முங்கி முங்கி அவை கொண்டுவரும் அந்த உப்புக் கணக்குக்குப் பரப்பளவு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது கொடுக்கலாமே!